ஊரப்பாக்கம் வெயிலுக்கு எந்த இன்டர்கூலர்?

போன மே மாசம், செமஸ்டர் எக்ஸாம் முடிஞ்ச வெள்ளிக்கிழமை. என் ரூம்மேட்டோட அண்ணன் திண்டிவனம் வரைக்கும் தன் காரில் எங்களைக் கூட்டிட்டுப் போறதாச் சொன்னார். சின்ன டர்போ பெட்ரோல் கார். அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடிதான் புதுப்பேட்டையில் ஒரு பெரிய இன்டர்கூலர் வாங்கி, தெரிஞ்ச கடை ஒன்றில் கொடுத்து, பம்பருக்குப் பின்னால் மாட்டியிருந்தார். கம்பெனி கொடுத்ததைவிட ரெண்டு மடங்கு சைஸ். கிரில் வழியா வெள்ளி நிறத்தில் பளபளன்னு தெரியும். வண்டியைச் சுத்தி நின்னு நாங்க எல்லாருமே போட்டோ எடுத்தோம், அதை மறைக்க விரும்பலை.

பின் சீட்டில் அவங்க அம்மா. மடியில் ஒரு பை மாம்பழம். மதியம் 2 மணி. கிளாம்பாக்கம் பஸ் டெர்மினஸைத் தாண்டினதும் ஜிஎஸ்டி ரோடு நின்றுவிட்டது. லீவு நாளுக்கு முந்தின நாள் அந்த இடம் எப்படி இருக்கும்னு இதைப் படிக்கிற உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பத்து நிமிஷத்தில் ஏசியில் இருந்து வெறும் வெந்த காற்று வர ஆரம்பிச்சுது. அப்புறம் டெம்பரேச்சர் முள் மேலே ஏறியது. அண்ணன் ஏசியை அணைச்சார். முள் இன்னும் ஏறியது. கடைசியில், இன்ஜினைக் காப்பாத்த, மே மாச மதியத்தில் ஹீட்டரை முழுசா ஆன் பண்ணி ஜன்னலைத் திறந்துவிட்டார். அம்மா ஒன்னும் சொல்லலை, முந்தானையால் விசிறிக்கிட்டே இருந்தாங்க. கூடுவாஞ்சேரி வந்து சேர்ந்தப்போ அவங்களுக்குத் தலை சுத்தல். டீக்கடை பெஞ்சில் உட்கார வச்சு, மோர் வாங்கிக் கொடுத்து, ஒரு மணி நேரம் கழிச்சு பஸ்ஸில் ஏத்தி அனுப்பினோம்.

என்ன நடந்தது என்பது பானெட்டைத் திறந்ததுமே புரிஞ்சுபோச்சு. ஒரு காரின் முகத்தில் ஏற்கெனவே ஒரு க்யூ நிக்குது. முதலில் ஏசி கண்டென்சர், அதுக்குப் பின்னால் ரேடியேட்டர், அதுக்குப் பின்னால் ஃபேன். புது இன்டர்கூலர் அந்த க்யூவுக்கு முன்னால் போய் நின்னு, வர்ற காற்றையெல்லாம் முதலில் தான் குடிச்சு, சூடாக்கிப் பின்னால் அனுப்பியது. வண்டி ஓடினால் சமாளிக்கும். நின்னால், முடிஞ்சுது கதை.

அன்னைக்கு ராத்திரி ரூமில் சண்டை. "ஏர் டு ஏர் வாங்கினதுதான் தப்பு, வாட்டர் டு ஏர் மாட்டியிருக்கணும்" என்று ஒரு கட்சி. "வாட்டர் எல்லாம் கோடீஸ்வரன் வண்டிக்கு, வம்பு" என்று இன்னொரு கட்சி. ரெண்டு கட்சியும் ஆதாரம் காட்டியது வெளிநாட்டு வீடியோக்களை. அந்த வீடியோக்களில் டெஸ்ட் பண்றவர் ஜாக்கெட் போட்டிருந்தார். என் பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்குது.

மெக்கானிக்கல் இல்லாத நண்பர்களுக்காக ஒரு நிமிஷம். இன்ஜினுக்குள் அதிக காற்றைத் திணிச்சால் அதிக பெட்ரோலை எரிக்கலாம், அதிக பவர் கிடைக்கும். திணிக்கிற வேலையை எக்ஸாஸ்ட் புகையின் சக்தியில் செய்தால் டர்போ. கிராங்கில் இருந்து பெல்ட் போட்டு இழுத்துச் செய்தால் சூப்பர்சார்ஜர். பழைய பென்ஸ் கார்களின் டிக்கியில் 'கொம்ப்ரெஸர்' என்று எழுதியிருக்குமே, அது ஜெர்மன் மொழியில் இதுதான். ஆனால் காற்றை அமுக்கினால் அது சூடாகும். சைக்கிள் பம்ப் அடிச்சவங்களுக்குத் தெரியும், பம்ப்போட அடிப்பக்கம் கொதிக்கும். சூடான காற்று விரியும், அதாவது எதுக்காக அமுக்கினோமோ அந்தப் பலனில் பாதியை அது திருப்பி எடுத்துக்கும். போதாததுக்கு இன்ஜினில் நாக்கிங் வரும். கம்ப்யூட்டர் அதைத் தடுக்க இக்னிஷனைப் பின்னுக்குத் தள்ளும், டிரைவருக்குத் தெரியாமலே பவர் குறையும். அதனால் நடுவில் ஒரு கூலர்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம், கஷ்டமான கணக்கு இல்லை. வெளியே 38 டிகிரி. சென்னையில் மே மாசத்துக்கு அது சாதாரணம். நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்னைக்கு 45 டிகிரியே பதிவாகியிருக்கு. சூப்பர்சார்ஜர் காற்றழுத்தத்தை 1.6 மடங்காக்குது, அதன் எஃபிஷியன்சி 60 சதவீதம் என்று வச்சுக்கோங்க, ரூட்ஸ் வகைக்கு அது நியாயமான எண். வெளியே வரும் காற்று சுமார் 113 டிகிரி. அப்படியே உள்ளே விட்டால், 1.6 மடங்கு அழுத்தம் இருந்தும் கிடைக்கிற காற்று 29 சதவீதம்தான் அதிகம். நடுவில் 75 சதவீதம் திறனுள்ள இன்டர்கூலர் இருந்தால் காற்று 57 டிகிரிக்கு இறங்கும், 51 சதவீதம் அதிகம் கிடைக்கும். கூலருக்குள்ளே காற்று நெருக்கிப் போவதில் கொஞ்சம் அழுத்தம் போகும், அதைக் கழிச்சாலும் வித்தியாசம் பெருசு.

இப்போ அதே சூப்பர்சார்ஜர், அதே இன்டர்கூலர், ஆனால் வெளியே 15 டிகிரி. ஜாக்கெட் போட்ட அந்த அண்ணனோட ஊர். இன்ஜினுக்குள் போகும் காற்று 32 டிகிரி. நம்மூரில் 57. ஒரே பொருள், 25 டிகிரி வித்தியாசம். அவர் "சூப்பரா வேலை செய்யுது" என்று சொன்னது பொய் இல்லை, அவரோட ஊருக்கு அது உண்மை.

சரி, ரெண்டு வகையையும் நேரில் பார்க்க எங்கே போகலாம்? எங்கேயும் போக வேண்டாம். ஊரப்பாக்கத்தில் நின்னு தெற்கே பார்த்தால் போதும்.

முதலில் மறைமலை நகர். ஃபோர்டு ஆலை. 2013ல் அங்கே இருந்து வந்த ஈகோஸ்போர்ட்டில் 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட் என்று ஒரு மூணு சிலிண்டர் டர்போ இன்ஜின் இருந்தது. அதோட இன்டர்கூலர் காற்று வகை, காரின் முன்பக்கத்தில். எளிமை, எடை குறைவு, பம்ப் கிடையாது, தண்ணி கிடையாது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துறதா ஃபோர்டு அறிவிச்சதும், எத்தனை சீனியர்களோட கனவு அந்த கேட்டில் நின்னுபோச்சு என்பது வேற கதை.

இன்னும் கொஞ்சம் தெற்கே, மஹிந்திரா சிட்டி பக்கம், பிஎம்டபிள்யூ ஆலை. 2007ல் இருந்து ஓடுது. அவங்களோட பி58 வகை டர்போ இன்ஜின்களில் இன்டர்கூலர் இன்டேக் மேனிஃபோல்டுக்கு உள்ளேயே உட்கார்ந்திருக்கு, தண்ணி வகை. ஃபோக்ஸ்வாகன் 1.0 டிஎஸ்ஐ இன்ஜினிலும் இதே ஏற்பாடுதான். ஆக இது கோடீஸ்வரன் சமாச்சாரம்னு ஒதுக்க முடியாது, விர்டஸ், டைகூன் வரைக்கும் வந்தாச்சு.

மூணாவது, எனக்கு ரொம்பப் பிடிச்சது. வண்டலூரில் இருந்து வாலாஜாபாத் ரோட்டில் போனால் ஒரகடம். அங்கே ரெனால்ட் நிசான் ஆலையில் 2010ல் இருந்து மைக்ரா தயாரானது. ஐரோப்பாவுக்கான மைக்ராவும் அங்கே இருந்துதான் கப்பல் ஏறியது. 2011ல் ஐரோப்பாவுக்கு மட்டும் ஒரு வகை வந்தது, பெயர் டிஐஜி-எஸ். 1.2 லிட்டர், மூணு சிலிண்டர், சூப்பர்சார்ஜர். 98 குதிரைத்திறன், கம்ப்ரஷன் ரேஷியோ 13க்கு 1. தேவையில்லாத நேரத்தில் சூப்பர்சார்ஜரைக் கழட்டி விட ஒரு கிளட்ச். கிலோமீட்டருக்கு 95 கிராம் கார்பன் டை ஆக்சைடுதான் என்று அங்கே விளம்பரம். ஒரகடத்தில் செய்த சூப்பர்சார்ஜர் கார்! நம்ம ரோட்டில் அதை விற்கவே இல்லை. நமக்குக் கிடைச்சது சாதா 1.2 தான்.

அந்த இன்ஜின் மில்லர் சுழற்சியில் ஓடுவது. இன்டேக் வால்வைத் தாமதமா மூடி, சிலிண்டருக்குள் செய்ய வேண்டிய அமுக்கலில் ஒரு பங்கைக் குறைக்கிறது, அந்தப் பங்கை வெளியே சூப்பர்சார்ஜரில் செய்வது, இதுதான் மில்லரின் சூத்திரம். வெளியே அமுக்கினால் வர்ற சூட்டை வழியிலேயே எடுத்துவிடலாம், சிலிண்டருக்குள்ளே அமுக்கினால் எடுக்க முடியாது. ஆக மில்லரைப் பொறுத்தவரை கூலர் என்பது துணைக்கருவி இல்லை, அந்தத் தத்துவத்தோட பாதி. தெர்மல் பேப்பரில் இதை ரெண்டு மார்க் கேள்வியா எழுதிட்டுப் போயிடுறோம். பக்கத்து ஊரில் அதைக் காராகவே செஞ்சு அனுப்பிட்டாங்க.

சூப்பர்சார்ஜர் என்றால் ஏன் பெரும்பாலும் தண்ணி வகையைத் தேர்ந்தெடுக்கிறாங்க? இடம். ரூட்ஸ், ஸ்க்ரூ வகை சூப்பர்சார்ஜர் இன்ஜின் தலைமேல் உட்காரும், வி வடிவ இன்ஜின் என்றால் ரெண்டு வரிசைக்கும் நடுவில். அதில் இருந்து வர்ற காற்று நேரே மேனிஃபோல்டில் இறங்கணும். அந்தக் காற்றைப் பிடிச்சு பம்பர் வரை கொண்டுபோய், குளிர வச்சு, திரும்பக் கொண்டு வருவது தாம்பரத்தில் இருந்து பெருங்களத்தூர் போக கோயம்பேடு வழியாப் போற மாதிரி. அத்தனை மீட்டர் பைப்பிலும் காற்று நிரம்பின பிறகுதான் இன்ஜினுக்கு அழுத்தம் தெரியும். மிதிச்ச உடனே பவர் என்பதுதானே சூப்பர்சார்ஜரோட ஒரே பெருமை, அது போயிடும். அதனால் செங்கல் சைஸில் ஒரு கூலரை சூப்பர்சார்ஜருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் சொருகி, அதுக்குள்ளே தண்ணியை ஓட விடுறாங்க. சூட்டைத் தூக்கிட்டு முன்பக்கம் போறது தண்ணியோட வேலை, காற்று இருந்த இடத்திலேயே இருக்கும். ரேஞ்ச் ரோவரின் 5.0 லிட்டர் சூப்பர்சார்ஜ்டு வி8 இப்படித்தான்.

சென்ட்ரிஃப்யூகல் சூப்பர்சார்ஜர் வேற. அது டர்போ மாதிரி நத்தை உருவம், இன்ஜினுக்குப் பக்கவாட்டில் இருக்கும், பைப் எப்படியும் வெளியேதான் வருது. அதுக்கு முன்பக்கக் காற்று வகையே போதும். ஆக "சூப்பர்சார்ஜருக்கு எது நல்லது" என்ற கேள்வியே அரைகுறை. எந்த சூப்பர்சார்ஜர் என்று முதலில் கேட்கணும்.

மூணாவது ஒரு வகையும் இருக்கு, இன்ஜின் தலைமேல் படுக்க வச்ச காற்றுக் கூலர். பழைய ஃபார்ச்சூனர் பானெட்டில் ஒரு திறந்த மூக்கு இருக்குமே, கட்சிக் கொடிக்குப் பின்னால், அது அழகுக்கு இல்லை, அதுக்குக் கீழே இன்டர்கூலர். பைப் நீளம் குறைவு. ஆனால் வண்டி நின்னால் கீழே இருந்து இன்ஜின் சூடு, மேலே இருந்து வெயில். சைரன் போட்டு வழி விலக்கிப் போறவங்களுக்கு அது பொருந்தும், நமக்கு இல்லை.

இப்போ சண்டையின் மையத்துக்கு வருவோம். மேலே போட்ட கணக்கில் 1.2 லிட்டர் இன்ஜின் 6000 ஆர்பிஎம்மில் முழு மிதியில் ஓடினால், ஒரு நொடிக்கு சுமார் 100 கிராம் காற்று கூலர் வழியாப் போகும். அதை 56 டிகிரி இறக்க, எடுக்க வேண்டிய வெப்பம் 5.6 கிலோவாட். புரியற மாதிரி சொன்னால், ஒன்றரை டன் ஏசி ஒரு ரூமில் இருந்து எடுக்கிற வெப்பம் சுமார் 5.3 கிலோவாட். ஒரு ரூம் ஏசியோட வேலையை, கையகலப் பொருள் ஒன்று கரண்ட் இல்லாமல் செய்யணும்.

பத்து நொடி முழு மிதி. ஒரு லாரியை ஓவர்டேக் பண்ற நேரம். 56 கிலோஜூல். தண்ணி வகையில் மொத்தம் 5 லிட்டர் தண்ணி இருந்தால், ரேடியேட்டர் எதுவுமே செய்யலைன்னாலும் தண்ணி 3 டிகிரிகூட ஏறாது. காற்று வகையில் 4 கிலோ அலுமினியம் இருக்கு, வெளிக்காற்று அடிக்கலைன்னா அது 15 டிகிரிக்கு மேல் ஏறும். நின்ன வண்டி கிளம்புற அந்த முதல் சில நொடிகளில் வெளிக்காற்று அடிப்பதே இல்லை. தண்ணிக் கட்சி இந்த இடத்தில் ஜெயிக்குது, சந்தேகமே இல்லை.

ஆனால் தண்ணி வெப்பத்தை அழிக்கலை, கடன் வாங்குது, அவ்வளவுதான். ஒரு நிமிஷம் தொடர்ந்து மிதிச்சால் அதே 5 லிட்டர் 16 டிகிரி ஏறும். அந்தக் கடனை முன்னால் இருக்கிற தனி ரேடியேட்டர் வெளிக்காற்றிடம் அடைக்கணும். அடைக்க முடியாமல் போனால் தண்ணி சூடாகவே இருக்கும், ரோடு காலியான பிறகும் பல நிமிஷம் சூடாகவே இருக்கும். காற்று வகை அப்படி இல்லை. சீக்கிரம் கொதிக்கும், காற்று அடிச்சால் சீக்கிரம் ஆறும். ரெண்டு பேரோட குணமும் தெரிஞ்சவங்களுக்கு இது நல்லாவே புரியும், ஒருத்தர் பட்டுனு கோபப்பட்டு பட்டுனு மறக்கிறவர், இன்னொருத்தர் லேசில் கோபப்படாதவர், பட்டால் ஒரு வாரம்.

"நகராத டிராஃபிக்கில் பூஸ்டே இல்லையே, இன்டர்கூலருக்கு அங்கே என்ன வேலை?" என்று தேர்டு இயர் தம்பி ஒருத்தன் கேட்டான். நல்ல கேள்வி. வேலை இல்லைதான். ஆனால் வேலை இல்லாமல் சும்மா நிக்கும்போதுதான் அது சுற்றியிருக்கிற சூட்டைக் குடிச்சு வைக்குது. முன்னால் நிக்கிற பஸ்ஸின் புகை, தார் ரோட்டில் இருந்து எழும்புற அனல், பின்னால் கண்டென்சர். கூடுவாஞ்சேரி தாண்டி ரோடு திறந்ததும் மிதிச்சால், கூலரே ஹீட்டராகி முதல் காற்றைச் சூடாக்கி அனுப்பும். இதைத்தான் ஹீட் சோக் என்கிறாங்க. இதில் தண்ணி வகை தப்பிக்கணும்னா ஒரே வழி, வண்டி நிக்கும்போதும் எலெக்ட்ரிக் பம்ப் ஓடணும், முன்னால் ஃபேனும் ஓடணும். பம்ப் நின்னால் மேனிஃபோல்டுக்குள் இருக்கிற அந்தச் செங்கல், இன்ஜின் சூட்டில் வேகும்.

ரேஸ்காரர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஒரு செஷன் ஓட்டப் போறவர் தண்ணி டேங்கில் ஐஸ் கொட்டிக்கலாம். 5 கிலோ ஐஸ் உருகவே 1670 கிலோஜூல் கேட்கும், நம்ம 5.6 கிலோவாட் கணக்குக்கு கிட்டத்தட்ட அஞ்சு நிமிஷம். வெளிக்காற்றைவிடக் குளிர்ச்சியா இன்டேக் காற்றைக் கொண்டுபோக காற்று வகையால் முடியவே முடியாது, ஐஸ் போட்ட தண்ணியால் முடியும். அஞ்சு நிமிஷத்தில் அவர் வேலை முடிஞ்சுடும். எங்களுக்கு அஞ்சு நிமிஷத்தில் ஊரப்பாக்கம் சிக்னல்கூடத் தாண்டாது.

என் கட்சியைச் சொல்லிடறேன். தலைமேல் உட்காரும் சூப்பர்சார்ஜர், நம்ம வெயில், நம்ம டிராஃபிக் என்றால் தண்ணி வகைதான், ஆனால் ஒரு நிபந்தனையோட. அதுக்குத் தனி ரேடியேட்டர், தனி சர்க்யூட், நிக்கும்போதும் ஓடுற பம்ப். இன்ஜின் கூலன்ட்டோட கோர்த்துவிட்டால் 90 டிகிரி தண்ணியால் 113 டிகிரி காற்றை ஆற்றுவதா ஆகும், அது வேலைக்கு ஆகாது. சென்ட்ரிஃப்யூகலுக்கும் டர்போவுக்கும் கம்பெனி கொடுத்த சைஸில் காற்று வகையே போதும். பெருசா மாட்டுறது ஏசியை விற்று குதிரை வாங்குற மாதிரி.

இந்த என் கட்சிக்கு எதிரா ஒரு வலுவான வாதம் இருக்கு, அதை எனக்குச் சொன்னது எந்தப் புத்தகமும் இல்லை, ரயில்வே கேட் பக்கம் ஷெட் வச்சிருக்கிற மெக்கானிக் அண்ணன். "தம்பி, ரேடியேட்டர்ல தண்ணி குறைஞ்சா இந்த ஊர்ல என்ன ஊத்துவாங்க?" என்றார். போர் தண்ணி. நம்ம ஏரியாவில் போர் தண்ணியில் குளிச்சு முடி கொட்டினவங்க இதைப் படிக்கிறீங்க, பக்கெட் அடியில் வெள்ளையா படிவதைப் பார்த்திருப்பீங்க. அது இன்டர்கூலரின் மெல்லிய குழாய்களிலும் படியும். உப்பு ஓடு ஒரு மில்லிமீட்டர் படிஞ்சால்கூட வெப்பம் கடக்கிறது குறையும். அது மட்டும் இல்லை. காற்று வகையில் ஹோஸ் கழன்றால் 'புஸ்'ஸுனு சத்தம் வரும், பவர் போகும், எந்த மெக்கானிக்கும் கண்டுபிடிச்சுடுவார். தண்ணி வகையில் சின்ன பம்ப் செத்துப்போனால் சத்தமே வராது. கோர் உள்ளுக்குள்ளே ஓட்டையானால் தண்ணி நேரே இன்ஜினுக்குள் போகும். அமுக்க முடியாத தண்ணியை பிஸ்டன் அமுக்கப் பார்த்தால் கனெக்டிங் ராடு வளையும்.

அண்ணன் சொன்னதுக்கு என்கிட்ட முழுப் பதில் இல்லை. கூலன்ட் ஊத்தணும், போர் தண்ணி ஊத்தக்கூடாது, இது மட்டும்தான் பதில். கூலன்ட் கேனோட விலையைச் சொன்னால் எத்தனை பேர் ஊத்துவாங்க என்று அவர் சிரிச்சார். ஒரு டிசைன் நல்லதா என்பதை அதைச் செய்யுற ஆலை பாதி முடிவு பண்ணுது, மீதியை இந்த மாதிரி ஷெட்டுகள் முடிவு பண்ணுது.

மழைக் காலத்தையும் விட முடியாது. 2015லும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தப்போவும் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் என்ன ஆச்சுன்னு தெரியும். முன் பம்பரில் தாழ்வா தொங்கும் காற்றுக் கூலரும் அதன் பைப்புகளும்தான் தண்ணியை முதலில் தொடுது. இணைப்பு ஒன்று லூஸா இருந்தால் போதும். தண்ணி வகையில் காற்றுப் பாதை முழுக்க மேலேயே இருப்பதால் அங்கே ஒரு படி தேவலை.

இதையெல்லாம் சொன்னதால் யாரும் புதுப்பேட்டைக்கு ஓட வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 படி தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது, 2019ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி பண்ணியாச்சு. வண்டியில் பிறகு மாட்டுறதைப் பத்தி நான் பேசலை. அந்தத் தொழிற்சாலைகளிலும் டிசைன் ஆபீஸ்களிலும் நாளைக்கு உட்காரப் போற நம்மைப் பத்திப் பேசுறேன்.

எங்க பேட்ச்சில் ஒரு டீம் ஃபைனல் இயர் புராஜெக்ட்டா இன்டர்கூலர் சிமுலேஷன் எடுத்தாங்க. காற்று வகையையும் தண்ணி வகையையும் ஒப்பிடுறது. அருமையான கலர் படங்கள், சிவப்பு, மஞ்சள், நீலம். அம்பியன்ட் டெம்பரேச்சர் எவ்வளவு வச்சீங்கன்னு கேட்டேன். 25. முன்னால் அடிக்கிற காற்று வேகம்? நொடிக்கு 15 மீட்டர், அதாவது மணிக்கு 54 கிலோமீட்டர். ஏன் அந்த எண்கள்? "பேஸ் பேப்பர்ல அப்படித்தான் இருக்கு." ரிவ்யூவில் உட்கார்ந்தவங்களும் கேட்கலை. முடிவு, ரெண்டு வகைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, அதனால் காற்று வகை சிக்கனம். நல்ல மார்க்.

25 டிகிரி ஒன்னும் குற்றம் இல்லை. இன்ஜின் பவரை அறிவிக்க எஸ்ஏஇ, ஐஎஸ்ஓ தரங்களே 25 டிகிரிக்குத்தான் திருத்திச் சொல்லச் சொல்லுது, உலகம் முழுக்க ஒரே அளவுகோல் வேணுமே. அது பவரை ஒப்பிட வந்த எண். கூலரை சோதிக்க அதையே எடுத்தால், எளிதான கேள்வித்தாளை நாமே செட் பண்ணி நாமே பாஸ் ஆகுற மாதிரி. காற்று வேகத்தைப் பூஜ்யம் ஆக்கி, அம்பியன்ட்டை 40 ஆக்கி, பத்து நிமிஷம் நிறுத்தி, அப்புறம் பத்து நொடி முழு மிதி கொடுத்துப் பார்த்திருந்தால் அவங்க முடிவு தலைகீழா வந்திருக்கும்னு என் கணிப்பு. தப்பாவும் இருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வியையாவது கேட்டிருப்பாங்க. கேட்க வேண்டிய ரோடு காலேஜ் கேட்டுக்கு வெளியேதான் ஓடுது, அதில் தினமும் அரை மணி நேரம் நின்னுட்டுத்தான் கிளாஸுக்கே வர்றோம்.

ரூம்மேட்டோட அண்ணன் பழைய கூலரையே திரும்ப மாட்டிட்டார். பெருசு இப்போ எங்க ரூம் மூலையில் நிக்குது, அது மேல் துண்டு காயப் போடுறோம். அவங்க அம்மா ஊரில் இருந்து பேசும்போதெல்லாம் "அந்தக் கார்ல மட்டும் வராதீங்கடா" என்கிறாங்க.

நாலு பேர் சேர்ந்து ஒன்னு யோசிச்சிருக்கோம். நம்ம காலேஜ் பஸ் எல்லாமே டர்போ இன்டர்கூல்டு டீசல்தான். ரேடியேட்டருக்கு முன்னால் நல்லா பெரிய காற்று வகைக் கூலர். அதோட உள்வாயிலும் வெளிவாயிலும் ஒரு தெர்மோகப்பிள், கிரில்லில் ஒன்னு, ஒரு சின்ன டேட்டா லாகர். எதையும் வெட்ட வேண்டாம், பைப் மேலேயே ஒட்டி மேலே சுத்தி வச்சால் போதும், துல்லியம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. தாம்பரத்தில் கிளம்பி ஊரப்பாக்கம் வரை, காலையில் ஒரு டிரிப், சாயங்காலம் ஒரு டிரிப், மார்ச்சில் இருந்து மே வரைக்கும். டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜ் சாரிடம் போய்க் கேட்டோம். டிரைவர் அண்ணன் உடனே சரின்னுட்டார். சார் மட்டும், லெட்டரில் ஹெச்ஓடி கையெழுத்து வாங்கிட்டு வாங்க, பார்க்கலாம்னு சொல்லியிருக்கார். லெட்டர் ரெடி. ரெண்டு தெர்மோகப்பிள்தான் இருக்கு, மூணாவது யார்கிட்டயாவது இருந்தால் மெக்கானிக்கல் பிளாக் ரெண்டாவது மாடிக்கு வாங்க.